மருந்து கம்பெனி மேல கேஸ் போட்டா காசு யாருக்குப் போவுது?

லயத்துப்பிள்ளை: அண்ணே அக்கா, மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை வெட்டுற மாமாவுக்கு முதுகுவலின்னு ஒரு கிளினிக்ல டிரமடோல் குடுத்தாங்க, இப்ப அது இல்லாம இருக்கவே முடியல கை நடுங்குது தூக்கமும் இல்ல. அமெரிக்காவுல இந்த மாதிரி வலி மாத்திரைக்கு கேஸ் போட்டு ஜெயிச்சாங்களாமே, பாதிக்கப்பட்டவங்களுக்கு காசு கெடச்சுச்சா?

டிரஸ்ஸர்மகன்: கேஸ் உண்மைதான் தம்பி. பர்டியூ பார்மாங்கிற அமெரிக்க மருந்து கம்பெனி 1996ல ஆக்ஸிகான்டின்ங்கிற வலி மாத்திரைய விட்டப்ப அடிமையாகுற ஆபத்து கம்மின்னு டாக்டருங்ககிட்ட சொல்லி வித்தாங்க. 2007ல குத்தத்த ஒத்துக்கிட்டாங்க, திரும்ப 2020லயும், அதுக்குள்ள எத்தன குடும்பம் அழிஞ்சுபோச்சு, நெனச்சாலே வயிறு எரியுது. முதலாளி சேக்லர் குடும்பத்து மேல இனி யாரும் கேஸ் போடக்கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அத 2024ல அங்க சுப்ரீம் கோர்ட் 5-4ன்னு தள்ளிருச்சு. அப்புறம்தான் 7.4 பில்லியன் டாலர் பேச்சு வந்துச்சு.

நர்ஸ்அக்கா: காசு பெரும்பாலும் மாநிலங்களுக்கும் ஊர் நிர்வாகத்துக்கும் போவுது, சிகிச்சைக்கு செலவு பண்ண. ஜான்சன் அண்ட் ஜான்சனும் மூணு மருந்து மொத்த வியாபார கம்பெனியும் 26 பில்லியன் டாலர் குடுக்க ஒத்துக்கிட்டாங்க, அதுவும் பல வருஷமா பிரிச்சுதான். தனி ஆளுக்கு கெடைக்கறது கொஞ்சம்தான், எனக்கு அது நியாயமாவே படல. தம்பி, மாமா மாத்திரைய பட்டுன்னு நிறுத்த விடாத, உடம்பு ரொம்ப படுத்தும். கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதான் அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு, கூட்டிட்டு போ, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா கொறைப்பாரு. போதைக்கு அடிமையானவங்களுக்கு குடுக்குற மெத்தடோன் மருந்து சிகிச்சையே நம்ம நாட்டுல 2005லேர்ந்து இருக்கு, வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

லயத்துப்பிள்ளை: சரிக்கா, தோட்டத்து மேற்பார்வையாளர் மண்டோர்கிட்ட லீவு சொல்லிட்டு நாளைக்கே கூட்டிட்டு போறேன். மாத்திரை அட்டையையும் எடுத்துட்டு போகவா?

நர்ஸ்அக்கா: கண்டிப்பா எடுத்துட்டு போ.