எம்.ஐ.ஏ.வின் இரண்டாவது ஆல்பம் 'கலா' (2007): காதில் பட்டதைப் பகிருங்கள்

வட்டுப்பெட்டி:
முதல் ஆல்பம் 'அருளர்' (2005) அப்பா பெயரில். இரண்டாவது 'கலா' அம்மா பெயரில். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, சின்ன வயசில் இலங்கையில் வளர்ந்து, மறுபடி லண்டன் போனவர் என்பதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்பப் பேச வேண்டாம். 'கலா' எப்படிச் செய்யப்பட்டது, எந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது, வெளியீட்டில் என்ன நடந்தது, இதை மட்டும் பேசுவோம்.

பின்னணி ரெண்டு வரியில்: அமெரிக்கா போய் அங்குள்ள இசைத் தயாரிப்பாளர் டிம்பலாண்டோடு ஆல்பம் முழுக்கச் செய்வதாகத்தான் முதலில் திட்டம். 2006-ல் விசா கிடைக்கவில்லை. அதனால் இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா, லைபீரியா என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். பெரும்பாலான பாடல்களில் கூடவே இருந்த இசைத் தயாரிப்பாளர் ஸ்விட்ச். விசா கிடைத்திருந்தால் வழவழப்பான அமெரிக்க பாப் ஆல்பம் ஒன்று வந்திருக்கும், அதில் உறுமி மேளம் வந்திருக்காது என்பது என் கணிப்பு.

மைக்ஸ்டாண்ட்:
ஒரு திருத்தத்தோடு ஆரம்பிக்கிறேன். 'கலா'வுக்கு ரஹ்மான் இசையமைத்தார் என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை. சென்னையில் சந்தித்தார்கள், ரஹ்மான் தன் ஸ்டூடியோவைப் பயன்படுத்தக் கொடுத்தார், அவ்வளவுதான். இருவரும் சேர்ந்த பாட்டு பிறகு 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில்தான் வந்தது, 'ஓ சாயா'. அது ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

இப்போது உறுமி. 'பேர்ட் ஃப்ளூ' பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். போனில் கேட்டால் பாதி காணாமல் போகும், ஏனென்றால் உறுமலின் கனம் முழுக்க அடிமட்டத்தில் இருக்கிறது, போன் ஸ்பீக்கர் அங்கே எட்டாது. இடது தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பதில் வருவது உறுமல். வலது தோலில் மெல்லிய குச்சி அடிப்பது 'டக்'. ரெண்டும் வேறு வேறு வாத்தியம் என்று நினைத்துத்தான் மைக் வைக்க வேண்டும்.

தேய்க்கும் பக்கம் டைனமிக் மைக், ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து. நேராக வைத்தால் குச்சி தோலில் உரசும் வறட்டுச் சத்தம் மேலேறி உறுமலை மறைத்துவிடும். அடிக்கும் பக்கம் சின்ன கண்டென்சர் போதும். பத்துப் பேருக்கு மேல் வாசித்தால் ஆளுக்கு ரெண்டு மைக் வைப்பது வீண். ஒருவர் மைக்கில் பக்கத்து ஆள் சத்தம் புகுந்து ஃபேஸ் அடித்து (ஒலி அலைகள் ஒன்றையொன்று அழித்து), எல்லாம் சேர்ந்ததும் சத்தம் மெலிந்து போகும். மூத்த வாசிப்பவர் ஒருவருக்கு மட்டும் நெருக்கமான மைக், மற்றவர்களை அரை வட்டமாக நிறுத்தி மேலே ஒரு ஜோடி, அறையின் பின்மூலையில் ஒன்று. லெவல் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் விடுங்கள். உற்சாகம் ஏறினால் சர்ரென்று மேலே போகும் வாத்தியம் இது.

அதிகம் சொதப்புவது கிளிக்கில், அதாவது வேகம் மாறாமலிருக்கக் காதில் கொடுக்கும் தாளத் தட்டில். எல்லார் காதிலும் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு கிளிக் கொடுத்தால் ஒருவரும் ஒழுங்காக வாசிக்க மாட்டார்கள். அவர்கள் பழகியது பக்கத்து ஆளின் தோளையும் கையையும் பார்த்து வாசிப்பது. மூத்தவருக்கு மட்டும் கிளிக், மற்றவர்களுக்கு அவர்தான் கிளிக். அப்படியும் எட்டு பார் போவதற்குள் வேகம் ஏறும். அதைக் கம்ப்யூட்டரில் இழுத்து நீட்டிச் சரி செய்யப் போனால் உறுமலின் வழுக்கல் 'வாவாவா' என்று நடுங்கும். அடி விழும் இடத்தில் வெட்டி நகர்த்துங்கள், நீட்டாதீர்கள்.

அடுத்தது கிக் டிரம்மோடு வரும் சண்டை. ரெண்டும் ஒரே இடத்தில் குடியிருக்கும். உறுமியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, கிக்கில் 150 முதல் 200 வரை ரெண்டு மூன்று டெசிபல் குறைத்தால் வழி கிடைக்கும். 'பேர்ட் ஃப்ளூ'வில் இந்த மரியாதை எதுவும் இல்லை. நெரிசலாக, பிய்த்துக்கொண்டு வருகிறது. அது தெரியாமல் செய்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

காப்பிரைட் கணக்கு:
மைக்ஸ்டாண்ட் சொன்னது பதிவு. இந்த ஆல்பத்தின் மறுபாதி சாம்பிள், அதாவது பழைய பாட்டுகளிலிருந்து எடுத்துச் சேர்த்த துண்டுகள். தமிழ்க் காதுக்கு உடனே பிடிபடுவது ரெண்டு. முதல் பாட்டு 'பேம்பூ பாங்கா'வில் இளையராஜாவின் 'காட்டுக்குயிலு மனசுக்குள்ள' (தளபதி, 1991). 'பேர்ட் ஃப்ளூ'வில் ஜெயம் (2003) படத்தின் 'திருவிழான்னு வந்தா', இசை ஆர்.பி.பட்நாயக். 'ஜிம்மி' சாம்பிளைத் தாண்டிய கவர், பழைய பாட்டையே மறுபடி பாடியது. 1982 'டிஸ்கோ டான்சர்' படத்துக்காக பப்பி லஹிரி போட்ட மெட்டு.

இதைப் பார்த்துவிட்டு நாமும் செய்யலாம் என்று இறங்குபவர்கள் குழம்புவது ஒரே இடத்தில்தான். ஒரு பாட்டில் ரெண்டு சொத்து இருக்கிறது. ஒன்று பதிவு செய்த ஒலி, இன்னொன்று மெட்டும் வரியும். பழைய ரெக்கார்டிலிருந்து நேராக வெட்டி எடுத்தால் ரெண்டுக்கும் அனுமதி வேண்டும். நீங்களே மறுபடி வாசித்தோ பாடியோ சேர்த்தால் மெட்டு, வரிக்கான அனுமதி மட்டும் போதும்.

ஆல்பத்திலேயே ரெண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. 'பேப்பர் பிளேன்ஸ்' தி கிளாஷ் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' (1982) பதிவின் கிதாரை அப்படியே எடுத்துச் சுழற்றுகிறது. குழுவின் நான்கு பேருமே பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். 'பேம்பூ பாங்கா'வின் தொடக்கத்தில் 'ரோட்ரன்னர்' பாட்டின் வரியை அவரே சொல்கிறார், '20 டாலர்' பாட்டில் பிக்ஸீஸ் குழுவின் வரியை அவரே பாடுகிறார். இவை ரெண்டாவது வகை.

'சில நொடிதானே, பரவாயில்லை' என்பது கட்டுக்கதை. அமெரிக்காவில் 2005-ல் பிரிட்ஜ்போர்ட் வழக்கில், ஒலிப்பதிவிலிருந்து துளி எடுத்தாலும் உரிமம் வாங்கு, இல்லையென்றால் எடுக்காதே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 'கலா' வேலை நடந்தது அதற்கு அடுத்த வருடங்களில்.

பழைய தமிழ்ப் படப் பாட்டு என்றால் தலைவலி இன்னும் கூடும். கேசட் கம்பெனி, தயாரிப்பாளர், இசையமைப்பாளர் என்று மூன்று பேர் உரிமை சொல்வார்கள், ஒப்பந்தக் காகிதம் யாரிடமும் முழுசாக இருக்காது. மிக்ஸ் முடித்துவிட்டு அனுமதி கேட்கப் போகாதீர்கள். விலை ஏறும், பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது. சாம்பிள் இல்லாத மாற்று மிக்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

டெக்_ரெண்டு:
'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைப் போட்டுக் கலக்கும் டி.ஜே.க்களுக்கு. வேகம் நிமிடத்துக்கு 86 அடி. சாஃப்ட்வேர் அடிக்கடி 172 என்று தப்பாகக் காட்டும், பாதியாக்கிக்கொள்ளுங்கள். கோரஸில் துப்பாக்கிச் சத்தம், துப்பாக்கியை இழுத்து விடும் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம், மூன்றும் தாளக்கட்டுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. தாள வாத்தியத்தின் வேலையை அவைதான் செய்கின்றன. எடுத்துவிட்டால் கோரஸில் பள்ளம் விழும். 2007-ல் லெட்டர்மேன் டிவி நிகழ்ச்சியிலும் எம்டிவியிலும் அந்தச் சத்தங்களை மாற்றியபோது விழுந்த பள்ளம் அதுதான். டவுன்லோடு செய்யும்போது எந்த வடிவம் என்று பாருங்கள், ரேடியோவுக்காக மழுக்கியதும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, இந்தப் பாட்டின் தயாரிப்பில் முதல் பெயர் அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் டிப்ளோ. எல்லாவற்றையும் டிப்ளோ கணக்கில் எழுதுவது அன்றைக்கே நடந்தது, எம்.ஐ.ஏ. அன்றைக்கே கோபப்பட்டார். ஆல்பத்தின் பெரும்பகுதி எம்.ஐ.ஏ.வும் ஸ்விட்சும் செய்தது.

வட்டுப்பெட்டி:
வெளியீட்டு வரிசையையும் போட்டுவிடுகிறேன், அதுதான் வினோதம். 2006-லேயே 'பேர்ட் ஃப்ளூ' மைஸ்பேஸ் பக்கத்தில் வந்துவிட்டது. கடைக்கு வந்த முதல் சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) 'பாய்ஸ்', 2007 ஜூன். ஆல்பம் ஆகஸ்டில், வெளியிட்ட கம்பெனி பிரிட்டனில் எக்ஸ்.எல்., அமெரிக்காவில் இன்டர்ஸ்கோப். அமெரிக்க ஆல்பம் பட்டியலான பில்போர்டு 200-ல் 18-ம் இடத்தில் நுழைந்தது. அடுத்த சிங்கிள் 'ஜிம்மி'. ரோலிங் ஸ்டோன் அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் என்றது. ஆனால் வானொலியில் பெரிய ஹிட் எதுவும் இல்லை.

பதினொன்றாவது இடத்தில் கிடந்த 'பேப்பர் பிளேன்ஸ்' 2008 தொடக்கத்தில்தான் சிங்கிளாக வந்தது. 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' பட டிரைலரில் ஒலித்த பிறகு ஏறத் தொடங்கி, அந்த வருடமே பாட்டுகளின் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-ல் 4-ம் இடம் வரை போனது. ஆல்பம் வந்து ஒரு வருடம் கழித்து! கிராமியில் 'ரெக்கார்ட் ஆஃப் த இயர்' பரிந்துரையும் கிடைத்தது. கம்பெனிகள் சிங்கிள் தேர்ந்தெடுக்கும் லட்சணம் இது.

மைக்ஸ்டாண்ட்:
கடைசிப் பாட்டு 'கம் அரவுண்ட்' பற்றி யாரும் சொல்லவில்லையே. விசா சிக்கல் தீர்ந்த பிறகு டிம்பலாண்டோடு செய்தது. மற்ற பாட்டுகளுக்குப் பிறகு அதைப் போட்டால் வேறு ஆல்பத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு அடியும் துடைத்து வைத்தது போல் தனித்தனியாக விழுகிறது, சுற்றிலும் காலி இடம். ஸ்பீக்கர் சோதிக்க நல்ல பாட்டு. நான் பதினொன்றோடு நிறுத்திவிடுவேன்.

வட்டுப்பெட்டி:
அதற்கு முன்னால் ஆறாவது பாட்டைத் தாண்டிவிடாதீர்கள் சார். 'மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்', ஆஸ்திரேலியாவின் வில்கானியா ஊர்ப் பழங்குடிச் சிறுவர்கள் பாடியது. அதில் பேஸ் கிதார் மாதிரி கேட்பது டிஜெரிடூ, ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் நீண்ட மர ஊதுகுழல். உறுமி கேட்ட அதே ஹெட்ஃபோனில் அதையும் கேளுங்கள்.