கிகி கெட்டப்: இருக்கிற குர்த்தியை வச்சே ஒப்பேத்த முடியுமா? ஹெல்ப் ப்ளீஸ்

கடலோரக்_காக்கா:
அடுத்த ஞாயிறு நானும் தம்பியும் கடலூர்ல இருந்து பாண்டிச்சேரி போறோம். 1989-ல வந்த மியாசாகியோட ஜப்பான் அனிமே படம் 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்'ல துடைப்பத்துல பறந்து பார்சல் குடுப்பாளே, அந்தக் குட்டிச் சூனியக்காரி கிகி மாதிரி நாலு போட்டோ எடுக்கணும். விக் வாங்கி, முழு டிரெஸ் தச்சு பண்ற காஸ்ப்ளே நமக்கு ஆகாது. பாத்ததும் "அட, கிகி!"ன்னு தெரிஞ்சா போதும். பட்ஜெட் 300 ரூபாய்.

கைல இருக்கிறது: முட்டி வரைக்கும் வர்ற நேவி ப்ளூ குர்த்தி, சிவப்பு துப்பட்டா, பிரவுன் தோள்பை, இடுப்பு வரைக்கும் முடி.

நேத்து மொட்டை மாடில ட்ரையல் பாத்தோம். கிகியோட பெரிய சிவப்பு ரிப்பனுக்காகத் தலைல கட்டின துப்பட்டா மழைல நனைஞ்ச முயல் காது மாதிரி தொங்குது. குர்த்தி ஒரே கறுப்பு மொத்தையா விழுந்திருக்கு, மடிப்பே தெரியல. அம்மா பாத்துட்டு "பேங்க் எக்ஸாமுக்குப் போற பொண்ணு தலைல எதுக்குத் துண்டு?"ன்னு கேட்டாங்க. துடைப்பத்து மேல உக்காரக் கூடாதுன்னு ஆயா தனியா ஒரு சண்டை.

தையல்மெஷின்_அத்தை:
கண்ணு, பேங்க் எக்ஸாம் லுக் வர்றது சைடு ஓப்பனாலதான். கிகி உடை மணி மாதிரி கீழ விரிஞ்சிருக்கும், இடுப்பே தெரியாது. ரெண்டு பக்க ஓப்பனையும் உள்பக்கமா ஓட்டுத்தையல் போட்டு மூடிடு, அப்புறம் பிரிச்சுக்கலாம். உள்ள காட்டன் பாவாடைய வழக்கத்தைவிட மேல ஏத்திக் கட்டு, அடி குர்த்திக்கு வெளிய எட்டிப் பாக்கக் கூடாது. அந்தப் பாவாடை குடுக்குற விரிவு போதும். பெல்ட் மட்டும் போட்டுடாத.

துப்பட்டா நிக்காது, அது துணியோட குணம். வெத்தலை பாக்கோட வச்சுக் குடுத்த பிளவுஸ் பிட் எல்லா வீட்டு பீரோவுலயும் கிடக்கும், அதுல சிவப்பா ஒண்ணு எடு. 64 செ.மீ. நீளம், 34 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, டைலர் கடைல காலருக்கு வைக்கிற கேன்வாஸ் வாங்கி உள்ள வச்சு அயர்ன் பண்ணு. அகலத்துல ரெண்டா மடி, அப்புறம் ரெண்டு முனையும் நடுவுல சேர்ற மாதிரி மடிச்சு, நடுவைக் கொசுவி நூலால இறுக்கு. ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல அகலம் வரும். பெருசா இருக்கேன்னு பயப்படாத, கிகியோட ரிப்பன் அவ மண்டையைவிடப் பெருசு! கேன்வாஸ் கிடைக்கலன்னா கெட்டியா ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு அயர்ன் பண்ணு. கறுப்பு ஹேர்பேண்ட்ல தச்சு மாட்டு, முடில கட்டாத.

கிகிக்குக் குட்டை முடின்னு உன் முடிய வெட்டிடாத தாயி! கழுத்துக்கிட்ட தளர்வா ரப்பர் பேண்ட் போட்டு, மிச்சத்தை உள்பக்கமா சுருட்டிக் கொண்டை ஊசி குத்து. முன்னாடி இருந்து பாத்தா குட்டை முடியாத்தான் தெரியும்.

நிழல்_வேட்டை:
கறுப்பு மொத்தை பிரச்சனைக்கு வர்றேன். மொட்டை மாடில பின்னாடி வெள்ளை வானம் இருந்திருக்கும். போன் அந்த வெளிச்சத்துக்கு அளவெடுத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், ஏற்கெனவே டார்க்கா இருக்கிற துணி செத்துடும். முகத்தைத் தொட்டு போகஸ் பண்ணிட்டு, பக்கத்துல வர்ற சூரியன் குறிய மேல இழுங்க, மடிப்பு வரும்.

ஆனா ரொம்ப இழுத்தா ரிப்பன் போயிடும். நல்ல வெயில்ல அடர் சிவப்பு, போன்ல ஒரே தட்டையான பெயின்ட் மாதிரி விழும். குர்த்திக்கு வெளிச்சம் கூடணும், ரிப்பனுக்குக் குறையணும். ரெண்டையும் சேர்த்துக் காப்பாத்தணும்னா நேர் வெயில்ல நிக்காம, எதிர்ச் சுவத்துல பட்டுத் திரும்புற வெளிச்சம் வர்ற நிழல்ல நில்லுங்க. பின்னணி வெளிறின நிறமா இருக்கணும்.

புரூனே_பாண்டி:
அப்போ பாண்டிச்சேரி ஒயிட் டவுன் மஞ்சள் சுவர்தான்! நேவி ப்ளூவுக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது. படத்துல வர்ற ஊரே ஸ்வீடனோட விஸ்பி, ஸ்டாக்ஹோம் ரெண்டையும் பாத்து வரைஞ்சது. நம்மகிட்ட இருக்கிறது பிரெஞ்சு வீடுங்க, இருந்தாலும் ஓட்டுக்கூரையும் காகிதப்பூவும் கணக்குல சேரும். மத்தவங்க வீட்டு வாசப்படில மட்டும் கேக்காம உக்காராதீங்க. எங்க தெருவுல அதுதான் தினசரி ரோதனை.

பீச் ரோட்டுல சாயங்காலம் 6 மணில இருந்து காலைல 7.30 வரைக்கும் வண்டி விட மாட்டாங்க. விடியக்காலைல வந்துடுங்க. கடல் கிழக்க இருக்கு, அதனால கடலைப் பின்னாடி வச்சா முகம் இருட்டாகும். கடலைப் பாத்து நின்னா முகத்துல வெளிச்சம், பின்னாடி ஊரு.

நிழல்_வேட்டை:
கூட ஒண்ணு. சூரியன் வர்றப்ப வேணும்னே கடலைப் பின்னாடி வச்சு ஒரு நிழலுருவம் எடுங்க. கறுப்பு வடிவத்துல ரிப்பனும் துடைப்பமும் மட்டும் தெரிஞ்சே கிகின்னு புரியுதுன்னா கெட்டப் பாஸ். மொட்டை மாடிலயே சுவத்துல விழுற நிழலைப் பாத்து சோதிச்சுக்கலாம்.

சுத்த_ஓட்டாக்கு:
அவ உடை நேவி ப்ளூ இல்ல, கறுப்புக்கும் ஊதாவுக்கும் நடுவுல. ஷூ சிவப்பு. சொல்லணும்னு தோணுச்சு.

தையல்மெஷின்_அத்தை:
அந்த நிறம் கிகிக்கே பிடிக்காம அலுத்துக்குவா. விடு தம்பி.

கடலோரக்_காக்கா:
அத்தை 😂 ரிப்பன் நின்னுடுச்சு! துடைப்பம் என்ன பண்றது? பறக்கிற மாதிரி எப்படி எடுக்கிறது?

புரூனே_பாண்டி:
பூந்துடைப்பம் வேணாம், விளம்பரம் மாதிரி இருக்கும். புதுசா ஒரு தென்னந்துடைப்பம் வாங்கி ஒட்டடைக் கம்பு முனைல சணல் கயித்தால கட்டுங்க. வீடே பெருக்காத துடைப்பம்னா ஆயாவும் சமாதானமாகலாம்.

நிழல்_வேட்டை:
கம்பு மேல உக்காந்து குதிக்காதீங்க, அடி படும். கம்பைத் தொடைக்குப் பக்கத்துல கையால பிடிச்சுக்கிட்டு, முட்டிய மடக்கிக் குதிங்க. தம்பி தரையோட தரையா போனை வச்சு, வானம் பின்னாடி வர்ற மாதிரி தொடர்ந்து எடுக்கணும். புரோ மோட் இருந்தா ஷட்டர் ஸ்பீடு 1/1000 நொடி. முப்பதுல ஒண்ணு தேறும். பாறை மேல வேணாம், நடைபாதைல குதிங்க.

கடலோரக்_காக்கா:
போயிட்டு வந்தாச்சு. செலவு: கேன்வாஸ், துடைப்பம், கயிறு சேர்த்து 190. ரிப்பன் விறைப்பா நின்னுச்சு, ஆனா கடல் காத்துல ஹேர்பேண்டோட சேர்ந்து ரெண்டு தடவை பறந்துச்சு, நான்தான் பறக்கல. ஊசி இன்னும் நாலு கொண்டு போயிருக்கணும். குதிச்சதுல நாப்பத்தொண்ணாவது படம் தேறுச்சு. மஞ்சள் சுவர் படத்துல ஒவ்வொரு மடிப்பும் தெரியுது. கறுப்பு சாக்ஸுல பஞ்சு அடைச்சு, ரெண்டு மூலைல நூல் கட்டிக் காது வச்சு கிகியோட ஜிஜி பூனையும் பண்ணிட்டேன். வாக்கிங் வந்த ஒரு சின்னப் பொண்ணு அவங்க அப்பாகிட்ட "கிகி!"ன்னு காட்டுனா.

இப்போ தம்பி, கிகியோட பிரெண்ட் டோம்போ ஆகணும்னு அடம். வட்டக் கண்ணாடி தாத்தாவோடது இருக்கு. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்கு என்ன பண்றது? வெள்ளை டீஷர்ட்ல டேப் ஒட்டி ஃபேப்ரிக் பெயின்ட் அடிச்சா நிக்குமா, அத்தை?