2400 ரேமோடு 3200 ரேம் சேருமா? ஆல்பம் டிசைன் லேப்டாப்புக்கு யோசனை வேண்டும்

கருங்கல்_ஆல்பம்:
வணக்கம். கருங்கல் பக்கத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். லேப்டாப்பில் ஐ5-8250யு பிராசசர், 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று, இரண்டாவது ஸ்லாட் காலி. தவக்காலம் முடிந்து ஈஸ்டர் கழிந்ததும் நம்ம ஊரில் கல்யாணம் வரிசையாக வரும், தெரியும்தானே. அந்த நேரத்தில் ஃபோட்டோஷாப்பில் நாலைந்து ஷீட் திறந்தாலே ரேம் நிறைந்து, ஹார்ட் டிஸ்க் கடகடவென்று ஓடத் தொடங்குகிறது. பிரஷ் இழுத்தால் கோடு தாமதமாகத்தான் விழுகிறது.

இன்னொரு 8 ஜிபி போடலாம் என்று நாகர்கோவிலில் விசாரித்தேன். கிடைப்பது 3200 வேக ரேம்தான், என்னுடையது 2400. ஒரு கடையில் "போடுங்க, ஓடும்" என்றார்கள். இன்னொரு கடையில் வேகம் ஒத்துப்போகாவிட்டால் போர்டு போய்விடும், இரண்டையும் புதிதாக வாங்குங்கள் என்றார்கள். எது சரி? அப்புறம், டாஸ்க் மேனேஜரில் 2400 என்று இருக்கிறது, சிபியு-ஸெட் என்ற விவரம் காட்டும் மென்பொருளில் 1197 என்று காட்டுகிறது. இப்போது இருக்கும் ரேமே பாதி வேகத்தில்தான் ஓடுகிறதா?

வடசேரி_பையன்:
என்னிடமும் அதே பிராசசர்தான். 2400 கூட 2666 போட்டிருக்கிறேன். இரண்டும் 2400இல் ஓடுகிறது, ஒரு பிரச்சினையும் இல்லை.

மார்த்தாண்டம்_சர்வீஸ்:
தம்பி, போர்டு போகாது. ஏன் போகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த தடவை யாரும் உங்களைப் பயமுறுத்த முடியாது.

ரேமில் 3200 என்று போட்டிருப்பது அதனால் முடிந்த உச்ச வேகம். நடைமுறையில் எந்த வேகம் என்பதற்கு எல்லை வைப்பது பிராசசருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலர். உங்கள் 8250யு டிடிஆர்4இல் 2400க்கு மேல் போகாது. ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி என்று ஒரு சின்ன சிப் உண்டு. எந்த வேகத்துக்கு எந்த டைமிங், அதாவது கேட்ட டேட்டாவைத் தர எத்தனை கிளாக் ஆகும் என்ற விவரம் அதில் இருக்கும். ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருளான பயாஸ் அதைப் படித்து, இரண்டு ரேமுக்கும் கண்ட்ரோலருக்கும் பொதுவாக ஒத்துவரும் வேகத்தை வைக்கிறது. வள்ளத்தில் இரண்டு பேர் துடுப்பு போடும்போது மெதுவாகப் போடுகிறவருக்கு மற்றவர் இணங்கிப் போவது மாதிரி. அதனால் 3200 ரேம் உங்கள் லேப்டாப்பில் 2400ஆக ஓடும்.

1197 பற்றிக் கவலை வேண்டாம். சிபியு-ஸெட் காட்டுவது கிளாக், அதாவது ரேமின் துடிப்பு வேகம். ஒரு கிளாக்குக்கு இரண்டு முறை டேட்டா போகும், ஆகவே ஏறக்குறைய 1200ஐ இரண்டால் பெருக்கினால் 2400. கடையில் சில ரேமில் பிசி4-19200 என்று இருக்கும், அதுவும் 2400தான். எட்டால் பெருக்கி, வினாடிக்கு எத்தனை மெகாபைட் என்று எழுதியிருக்கிறார்கள். 3200க்கு அது 25600.

கண்டிப்பாக ஒத்துப்போக வேண்டியது தலைமுறை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் ரேமின் முனையில் வெட்டு இருக்கும் இடம் வேறு, வோல்டேஜும் வேறு. டிடிஆர்4க்கு 1.2 வோல்ட், லேப்டாப் ரேமில் 260 பின். டெஸ்க்டாப் ரேம் நீளமாக இருக்கும், மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கேமிங் ரேம் என்று விற்பவற்றில் சிலவற்றுக்கு 3200 என்பது எக்ஸ்எம்பி ப்ரொஃபைல் என்ற, பயாஸில் தனியாக ஆன் செய்ய வேண்டிய அமைப்பில் மட்டும்தான் இருக்கும். பெரும்பாலான லேப்டாப் பயாஸில் அதை ஆன் செய்ய வழி இருக்காது. உங்களுக்கு 2400 போதும் என்பதால் அதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. லேபிளில் பிசி4-3200ஏஏ என்று இருந்தால் அது சாதாரண 3200, அதையே வாங்குங்கள்.

இரண்டையும் புதிதாக வாங்கச் சொன்னது வீண் செலவு. உங்களுக்கு லாபம் 8 ஜிபி 16 ஆவதிலும், பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவே இரண்டு சேனல், அதாவது இரண்டு டேட்டா பாதை கிடைப்பதிலும்தான். இப்போது ஒரு சேனலில் வினாடிக்கு 19.2 ஜிபி, இரண்டாவது ரேம் வந்தால் 38.4 வரை வழி திறக்கும். பிராசசரோடு சேர்ந்த கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் எடுக்கிறது.

குளச்சல்_அக்கா:
இதோடு என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். என்னுடையது 11ஆம் தலைமுறை ஐ5. போர்டிலேயே சோல்டர் செய்த 8 ஜிபி 3200, ஒரு ஸ்லாட் காலி. வீட்டில் பழைய 8 ஜிபி 2666 சும்மா கிடக்கிறது. போடலாமா?

மார்த்தாண்டம்_சர்வீஸ்:
போடலாம் அக்கா, டிடிஆர்4தானா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். போர்டில் இருக்கும் ரேமும் 2666க்கு இறங்கும். ஆனாலும் ஒற்றைச் சேனல் 3200ஐவிட இரட்டைச் சேனல் 2666 மேல். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் மட்டும் 3200 வாங்குங்கள்.

கருங்கல்_ஆல்பம்:
ரொம்ப நன்றி அண்ணா. கடையில் பார்த்த ரேமில் 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ என்று இருக்கிறது. என்னுடையதில் 1ஆர்எக்ஸ்8 பிசி4-2400டி. டைமிங் 22, 17 என்று வேறு வேறாக இருக்கிறதே?

மார்த்தாண்டம்_சர்வீஸ்:
நல்ல ஜோடி, தைரியமாக வாங்குங்கள். 1ஆர்எக்ஸ்8 என்பது ரேமில் சிப்கள் அமைந்த விதம், இரண்டிலும் ஒன்றுதான். 22 என்பது 3200 வேகத்தில் எண்ணிய கிளாக், 17 என்பது 2400இல். நேரமாகக் கணக்குப் போட்டால் 13.75 நானோ செகண்ட், 14.17 நானோ செகண்ட். பெரிய வித்தியாசமே இல்லை. 2400க்கு இறங்கும்போது டைமிங்கையும் பயாஸே சரிசெய்துகொள்ளும். 1ஆர்எக்ஸ்16 கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஓடும், ஆனால் கொஞ்சம் மெதுவாக.

மாட்டும் முன் சார்ஜரைக் கழற்றி, உள்ளே பேட்டரி கனெக்டரையும் எடுத்துவிடுங்கள். கடற்கரையோர வீடுகளிலிருந்து வரும் லேப்டாப்பில் பழைய ரேமின் முனை உப்புக்காற்றில் மங்கியிருப்பதைப் பார்க்கிறேன். மெல்லிய துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். முதல் தடவை ஆன் செய்யும்போது திரை கொஞ்ச நேரம் கருப்பாகவே நிற்கலாம். ரேமைப் பரிசோதித்து டைமிங் வைக்கிற நேரம் அது, பயந்து பவர் பட்டனை அழுத்தாதீர்கள். அன்றைக்கு ராத்திரியே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓடவிடுங்கள். பிழை வந்தால் மறுநாளே கடையில் மாற்றலாம்.

கடகட சத்தம் என்றால் உங்களிடம் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது. ஈஸ்டர் சீசன் பணம் கைக்கு வந்ததும் ஒரு எஸ்எஸ்டி வாங்கி, விண்டோஸையும் ஃபோட்டோஷாப்பின் ஸ்க்ராட்ச் டிஸ்க்கையும் (ரேம் போதாதபோது அது தற்காலிகமாக எழுதும் இடம்) அதற்கு மாற்றுங்கள்.