வரலாறு நோட்டின் முதல் பக்கம் வீணாகிவிட்டது: கிழிக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

காட்பாடி அம்மா:
வணக்கம். மகள் இந்த வருடம் ஆறாம் வகுப்பு. இதுவரை சமூக அறிவியலுக்கு ஒரே நோட்டுதான். இப்போது வரலாற்றுக்குத் தனி நோட்டு போடச் சொல்லி, முதல் பக்கத்தை அழகாகச் செய்து வரும் திங்கட்கிழமை காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவளே ஆசையாக வேலூர்க் கோட்டையை வரைந்து, அகழிக்கு வாட்டர் கலர் அடித்தாள். தாள் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. 'வரலாறு' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது மூன்றாம் பக்கம் வரை ஊறி இறங்கிவிட்டது. 'வர' பெரிதாகத் தொடங்கி 'லாறு' ஓரத்தில் நெருங்கி நிற்கிறது. நேற்றிரவு அழுதுகொண்டே தூங்கினாள். நடுவில் பின் அடித்த 192 பக்க நோட்டு. அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா? படம் போட்டிருக்கிறேன்.

ஆம்பூர் தம்பி:
அக்கா, கிழித்துவிட்டு அடுத்த பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். அஞ்சு நிமிஷ வேலை.

ஓவிய ஆசிரியர் (ஓய்வு), குடியாத்தம்:
கிழிக்க வேண்டாம் அம்மா. பின் அடித்த நோட்டில் முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே தாள்தான், நடுவில் மடித்திருக்கும். முன்னால் கிழித்தால் பின்னால் இருப்பது பிடிப்பில்லாமல் ஆடும். டிசம்பருக்குள் அது கையோடு வந்துவிடும். முப்பது வருடம் பிள்ளைகளின் நோட்டுகளில் இதைப் பார்த்திருக்கிறேன்.

தாள் நெளிந்ததற்குக் குழந்தை மேல் தவறு இல்லை. ஈரம் பட்ட இடம் ஊதிப் பெரிதாகும், படாத இடம் அப்படியே இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதால் தாள் மேடு பள்ளமாகிறது. நோட்டுத் தாள் மெல்லியது, வாட்டர் கலரைத் தாங்காது. ஸ்கெட்ச் மையும் அப்படித்தான், பேனாவை ஒரு நொடி நிறுத்தினாலே கீழே இறங்கிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது: டிராயிங் நோட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து, நோட்டுப் பக்கத்தைவிட நாலு பக்கமும் அரை சென்டிமீட்டர் குறைத்து வெட்டுங்கள். அதில் தனியாக வரையட்டும். காய்ந்த பிறகு பழைய படத்தின் மேல் ஒட்டிவிடலாம். ஃபெவிகாலை முழுக்கத் தடவாதீர்கள், அதிலும் தண்ணீர் இருக்கிறது, மறுபடி நெளியும். கிளூ ஸ்டிக்கை ஓரங்களில் மட்டும் ஓட்டி, மேலே கனமான புத்தகங்களை வைத்து இரவு முழுக்க விடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று மாடி வெயிலில் வைக்காதீர்கள். நம் ஊர் ஜூன் வெயிலுக்குத் தாள் சுருண்டுகொள்ளும். ஊறிய மூன்றாம் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிப் பொருளடக்கம் எழுதச் சொல்லுங்கள்.

எழுத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். தமிழில் எழுத்துகளை எண்ணிப் பாதியாகப் பிரித்தால் நடு வராது. 'ர' ஒல்லி, 'லா' இரண்டு எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். அதனால் முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் 'வரலாறு' என்று வேண்டிய அளவில் எழுதி, எழுத்து தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வெட்டுங்கள். துண்டை இரண்டாக மடித்தால் நடு எது என்று தெரிந்துவிடும். தாளின் நடுவில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, மடிப்பை அதன் மேல் வைக்கவும். துண்டின் பின்பக்கம் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டு, எழுத்தின் மேல் அழுத்தி ஓட்டினால் கீழே அச்சாகப் பதியும்.

கோட்டை பக்கத்து வீடு:
சார் சொன்னது எல்லாம் சரி. படத்தில் ஒன்று என் கண்ணில் பட்டது. கோட்டைக்குக் கீழே '1857' என்று எழுதியிருக்கிறாள் பாப்பா. இந்தக் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த வேலூர்ப் புரட்சி நடந்தது 1806 ஜூலை 10. 1857-இல் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்ததற்கு அரை நூற்றாண்டு முன்பே இங்கே நடந்துவிட்டது. புதிதாக வரைகிற தாளில் அதை மாற்றிவிடுங்கள், ஆசிரியர் கண்ணில் முதலில் படுவது ஆண்டுதான்.

அவளுக்குக் கதையையும் சொல்லுங்கள். சிப்பாய்கள் நெற்றியில் திருநீறும் நாமமும் இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது என்று ஆங்கிலேயர் உத்தரவு. தோல் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டாயமாக்கினார்கள். மைசூர் மன்னர் திப்புவின் குடும்பம் கோட்டைக்குள்தான் காவலில் இருந்தது. விடிவதற்கு முன்பே சண்டை தொடங்கி, கொடிமரத்தில் மைசூர்க் கொடி ஏறியது. அன்று காலையிலேயே ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அடக்கிவிட்டது. மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் இருக்கிறதே, அது இதற்காகத்தான். படத்தின் ஒரு மூலையில் தலைப்பாகையையும் கொடியையும் சின்னதாக வரைந்தாலே போதும், பக்கத்துக்கு உயிர் வந்துவிடும்.

காட்பாடி அம்மா:
ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. ஆண்டை நானும் கவனிக்கவில்லை. துண்டுக் காகித வழியில் எழுத்து அப்படியே நடுவில் உட்கார்ந்துவிட்டது. அகழிக்கு இப்போது கலர் பென்சில், மதிலுக்குக் கிரேயான். மடிக்கும்போது கிரேயான் எதிர்ப் பக்கத்தில் ஒட்டுகிறது. அதற்கு என்ன செய்வது?

ஓவிய ஆசிரியர் (ஓய்வு), குடியாத்தம்:
கிரேயான் மெழுகு அம்மா, அழுத்தினால் ஒட்டத்தான் செய்யும். மேலே மிஞ்சியிருப்பதை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அப்புறம் பட்டர் பேப்பரைப் படத்தின் அளவுக்கு வெட்டி, தைத்த பக்கத்து ஓரத்தில் மட்டும் ஒட்டிவிடுங்கள். கல்யாண ஆல்பத்தில் இருப்பது மாதிரி தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

காட்பாடி அம்மா:
ஒட்டியாயிற்று ஐயா. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அந்தப் பேப்பரைத் தூக்கிக் காட்டி, '1806, ஜூலை 10' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.