386 கணினியிலும் மெக்கின்டாஷ் பிளஸிலும் வீட்டுப் பிளான் வரைய எந்த மென்பொருள்?

பழம்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கட்டட வரைவாளராகப் பணியாற்றிய என் தந்தையார் பயன்படுத்திய 386எஸ்எக்ஸ் கணினி ஒன்றைப் பரணிலிருந்து இறக்கிச் சுத்தம் செய்து, மின்வழங்கியை மாற்றி, மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். 25 மெகாஹெர்ட்ஸ் வேகம், 4 எம்பி நினைவகம், விஜிஏ திரை, 1.44 எம்பி ஃபிளாப்பி, சீரியல் மவுஸ், எம்எஸ்-டாஸ் 5.0 என்பவைதான் அதன் உடைமைகள். வன்வட்டில் இருந்த மென்பொருள்கள் எவையும் மிஞ்சவில்லை. இதனுடன், நண்பர் ஒருவர் கொடுத்த 4 எம்பி நினைவகம் கொண்ட ஆப்பிளின் மெக்கின்டாஷ் பிளஸ் ஒன்றும் என்னிடம் உள்ளது.

எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டுவதற்கு முன்னால், இப்போது இருக்கிறபடியே அதன் தரைத்தளத்தை அளந்து வரைந்து வைக்க விரும்புகிறேன். வெளி அளவு 30 அடிக்கு 40 அடி. வெளிச்சுவர்கள் ஒன்பது அங்குலம், உள்தடுப்புகள் நாலரை அங்குலம். அடி, அங்குலத்தில் அளவு கொடுக்க வேண்டும். வரைந்து முடித்த கோப்பை இன்றைய கணினியிலும் திறக்க முடிய வேண்டும். ஏ4 தாளில் சரியான அளவுகோலில் அச்சிட முடிய வேண்டும். வரைமென்பொருள்களில் ஆட்டோகேட் பெயர் மட்டுமே எனக்குத் தெரியும். புதிய கணினியில் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாமே என்பதை நானும் அறிவேன். அந்த அறிவுரையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வரவேற்கிறேன்.

வரைபலகை எழுதியது:

முதலில் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். உங்கள் பலகையில் கோப்ராசசர், அதாவது கணக்குகளை விரைந்து போடும் துணைச் செயலியான 387எஸ்எக்ஸ் சில்லு, இருக்கிறதா? பெட்டியைத் திறந்து பார்த்தால் முதன்மைச் செயலிக்குப் பக்கத்தில் சதுரமான ஒரு சாக்கெட் காலியாகக் கிடக்கும். பெரும்பாலான 386எஸ்எக்ஸ் கணினிகளில் அது காலியாகத்தான் இருக்கும். இந்த ஒரு சாக்கெட்தான் உங்கள் தேர்வில் பாதியை முடிவு செய்துவிடுகிறது. ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வெளிவந்தபோது அத்தகைய சில்லை வற்புறுத்தவில்லை. 1987இல் வந்த ரிலீஸ் 9 முதல்தான் அது கட்டாயமானது. ஆகவே சில்லு இல்லையென்றால் ரிலீஸ் 10, 11, 12 ஆகிய எவையும் உங்களிடம் ஓடா. கோப்ராசசர் இருப்பதுபோல் பாவனை செய்யும் சிறு நிரல்கள் அக்காலத்தில் உண்டு என்றாலும், அவற்றை நம்பி வரைய உட்கார்ந்தால் திரை மீண்டும் வரையப்படுவதற்குள் காப்பி ஆறிவிடும்.

சில்லு இல்லாமல் ஓடக்கூடியவற்றில் நான் பரிந்துரைப்பவை இரண்டு. ஒன்று, ஆட்டோடெஸ்க் நிறுவனமே வெளியிட்ட ஆட்டோஸ்கெட்ச். மேலிருந்து விரியும் பட்டியல்கள், மவுஸ் இரண்டையும் கொண்டு ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். அடுக்குகள், அளவுக்கோடுகள், முனையிலும் நடுவிலும் வெட்டுப்புள்ளியிலும் ஒட்டிக்கொள்ளும் வசதி ஆகியவை உண்டு. வரைமென்பொருள்கள் தமக்குள் படங்களைப் பரிமாறிக்கொள்ளும் டிஎக்ஸ்எஃப் கோப்பாகவும் எழுதித் தரும். மற்றொன்று ஜெனரிக் கேட். இதன் எல்லாக் கட்டளைகளும் இரண்டிரண்டு எழுத்துகளாகவே இருப்பதால், கை பழகியபின் மவுஸைவிட விசைப்பலகையிலேயே வேலை விரைந்து ஓடும். குறைந்த விலைக்கு விற்கப்பட்டதால் தனியாகத் தொழில் செய்த வரைவாளர்கள் பலரிடம் இது இருந்தது; 1989இல் ஆட்டோடெஸ்க் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. ஆனால் டிஎக்ஸ்எஃப் மாற்றும் பகுதி சில பதிப்புகளில் தனித் துணைநிரலாக வந்தது. ஆகவே ஃபிளாப்பித் தொகுப்பு கையில் கிடைத்ததும் அந்தத் தட்டு இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எனக்கு வந்த தொகுப்பில் அது மட்டும் இல்லை. விற்றவரோ அப்படி ஒரு தட்டே கிடையாது என்று சாதித்தார்.

டிஎக்ஸ்எஃப் மீது நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மென்பொருள்களின் சொந்தக் கோப்புகள் அந்தந்த மென்பொருளோடு செத்துவிடும். டிஎக்ஸ்எஃப் வெறும் எழுத்துக்கோப்பு. டாஸ் எடிட்டரில் திறந்தால்கூடப் படிக்கலாம். ஒரு கோடு என்பது அதில் ‘லைன்’ என்ற சொல்லாகத் தொடங்கி, 10 என்ற எண்ணுக்கு அடுத்த வரியில் தொடக்கப் புள்ளியின் கிடை அளவும், 20க்கு அடுத்த வரியில் அதன் நெடு அளவும், 11, 21 ஆகியவற்றுக்கு அடுத்தடுத்த வரிகளில் முடிவுப் புள்ளியின் அளவுகளுமாக எழுதப்பட்டிருக்கும். என்றோ ஒருநாள் எந்த மென்பொருளும் திறக்க மறுத்தாலும், பத்து வரி பேசிக் நிரல் எழுதத் தெரிந்தவர் உங்கள் வீட்டை மீட்டெடுத்துவிடுவார்.

விண்டோஸ் 3.1 நிறுவி விசியோ என்ற வரைபட மென்பொருளையோ, சுவரில் கதவை வைத்தால் சுவர் தானே வழிவிடும் வீட்டு வடிவமைப்பு மென்பொருள்களையோ நாடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நீங்கள் சொல்லும் கணினியில் அவை ஓடும். ஆனால் ஒவ்வொரு நகர்வுக்கும் காத்திருக்க நேரும். டாஸிலேயே இருங்கள்.

சாம்பல்திரை எழுதியது:

மெக்கின்டாஷ் பக்கத்திலிருந்து ஒரு சொல். வரையும் இன்பம் என்று பார்த்தால் மெக்கின்டாஷின் மேக்டிரா என்ற வரைமென்பொருளுக்கு நிகரானது அந்தக் காலத்தில் வேறு இல்லை என்பதே என் கருத்து. ஆனால் இந்த வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏனென்று கணக்காகவே சொல்கிறேன். மெக்கின்டாஷ் திரையில் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள். கால் அங்குலம் ஓர் அடி என்ற வழக்கமான அளவுகோலில், அதாவது 48இல் ஒரு பங்காக வரைந்தால், ஒரு புள்ளி வீட்டில் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, சரியாக மூன்றில் இரண்டு அங்குலமாக இருக்கும். உங்கள் ஒன்பது அங்குலச் சுவருக்குப் பதின்மூன்றரைப் புள்ளிகள் தேவை. நாலரை அங்குலத் தடுப்புக்கு ஆறே முக்கால். அரைப் புள்ளியும் முக்கால் புள்ளியும் மவுஸுக்கு அகப்படா. படத்தை மெக்கின்டாஷின் படக்கோப்பு வகையான பிக்ட் கோப்பாக வெளியே எடுக்கும்போதும் எல்லாம் முழு எண்களாகவே போய்ச் சேரும். நான்கைந்து சுவர்களைக் கடப்பதற்குள் கடைசி அறை ஓர் அங்குலத்துக்கு மேல் இடம் பெயர்ந்திருக்கும். 36இல் ஒரு பங்கு என்று அளவுகோலை மாற்றினால் ஒரு புள்ளி அரை அங்குலமாகி, 18, 9 என்று சுவர்கள் அழகாக உட்காரும். ஆனால் படம் ஏ4 தாளை மீறிவிடும்.

மெக்கின்டாஷில்தான் வரைவேன் என்றால் மினிகேட் தேடுங்கள். 1985இல் தொடங்கி, பிற்காலத்தில் வெக்டர்வொர்க்ஸ் என்று பெயர் மாறி இன்றும் உயிரோடிருக்கும் மென்பொருள் அது. ஹங்கேரியிலிருந்து வந்த கட்டட வரைமென்பொருளான ஆர்க்கிகேடும் 1987இல் மெக்கின்டாஷில்தான் தொடங்கியது என்றாலும், ஒரே ஒரு தரைத்தளத்துக்காக அதைக் கற்பது யானை வாங்கித் தேங்காய் உரிப்பது போலாகும். இன்னொன்றையும் மறவாதீர்கள்: மெக்கின்டாஷ் பிளஸின் 800 கேபி ஃபிளாப்பியை உங்கள் 386 போன்ற பிசி கணினிகளின் ஃபிளாப்பி இயக்கி படிக்காது. வரைவது எளிது, வெளியே கொண்டுவருவதற்கு வன்வட்டுபோல் நடிக்கும் ஸ்கசி வட்டுப் போலியோ சீரியல் கம்பியோ வேண்டும்.

எண்பத்தேழு எழுதியது:

வரைபலகை ஐயாவிடம் மதிப்பு உண்டு. ஆனாலும் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். 387எஸ்எக்ஸ் சில்லு இன்று கிடைக்காத பொருள் அன்று. பழைய பலகைகளிலிருந்து கழற்றியவை விற்பனைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. உங்கள் பலகையின் வேகத்துக்கு ஒத்த சில்லைப் பார்த்து வாங்கி, வெட்டப்பட்ட மூலையைச் சாக்கெட்டின் மூலையோடு பொருத்தி, நான்கு பக்கமும் சமமாக அழுத்தி வைத்துவிட்டால் ஆட்டோகேட் ரிலீஸ் 10 வரை கதவு திறந்துவிடும். ரிலீஸ் 12 மட்டும் வேண்டாம். 4 எம்பியில் அது வன்வட்டைக் கடன் நினைவகமாக்கிக்கொண்டு ஓயாமல் கடகடத்துக்கொண்டிருக்கும். சில்லு வேண்டாம் என்றால் அது இல்லாமலேயே ஓடும் 2.6 பதிப்பைத் தேடுங்கள். ஒரு சுவரின் கோட்டிலிருந்து ஒன்பது அங்குலம் தள்ளி இணைகோடு போடும் ஆஃப்செட் கட்டளை அதிலேயே வந்துவிட்டது.

நான் ஏன் ஆட்டோகேடை விடமாட்டேன் என்கிறேன் என்றால், பழைய வீட்டின் அறைகள் ஒருபோதும் செங்கோணத்தில் இருப்பதில்லை. 10க்கு 12 அடி அறையின் மூலைவிட்டம் 15 அடி ஏழரை அங்குலம் வர வேண்டும். அளந்து பாருங்கள், வராது. அப்படிப்பட்ட அறையைக் கட்டத்தாளில் பூச்சி ஊர்வதுபோல் புள்ளிக்குப் புள்ளி நகர்ந்து வரைய முடியாது. ஒரு சுவரை வரைந்து, அதன் ஒரு முனையிலிருந்து மூலைவிட்டத்தை ஆரமாகக் கொண்டு ஒரு வட்டமும், மறுமுனையிலிருந்து பக்கச் சுவரை ஆரமாகக் கொண்டு இன்னொரு வட்டமும் போட்டு, இரண்டும் வெட்டும் இடத்தை மூலையாகப் பிடிக்க வேண்டும். நேர்ச்சுவர்களுக்கு அங்குலக் கணக்கில் ‘@120,0’ என்று தட்டினால் பத்தடிக் கோடு வந்து நிற்கும்.

வாங்கும் முன் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவுக்கு வெளியே விற்ற ஆட்டோகேட் பிரதிகள் பலவற்றுக்குப் பிரிண்டர் போர்ட்டில் செருகும் பூட்டு உண்டு. அந்தப் பூட்டு இல்லாமல் ஃபிளாப்பிகளை மட்டும் வாங்கினால், அட்டைப்பெட்டியை அலமாரியில் அழகுக்கு வைக்கலாம்.

பழம்பெட்டி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். சாக்கெட் காலியாகத்தான் இருந்தது; எண்பத்தேழு சொன்ன சில்லு இன்னும் வந்து சேரவில்லை; எனவே ஆட்டோஸ்கெட்ச் ஒன்றைத் தேடிப் பிடித்து நிறுவினேன். முதல் நாள் மவுஸ் அசையவே இல்லை. பழைய இயக்கி நிரலை நீக்கிவிட்டு இலவசமாகக் கிடைக்கும் கியூட்மவுஸைப் போட்டபின் சரியாயிற்று.

மூலைவிட்டத்தைப் பற்றி எழுதியிருந்தது அப்படியே பலித்தது. கூடத்தை ஒட்டிய 10க்கு 12 அறையில் மூலைவிட்டம் 15 அடி 4 அங்குலம்தான் வந்தது. என் தந்தையார் தம் கையாலேயே அந்த அறையைச் செங்கோணமாக வரைந்திருந்த தாள் எங்களிடம் உள்ளது; கொத்தனார் அதைப் பார்த்தாரா என்று இனி யாரிடமும் கேட்க முடியாது. ஆட்டோஸ்கெட்சிலும் இரண்டு வட்டங்களைப் போட்டு, வெட்டுப்புள்ளியில் ஒட்டிக்கொள்ளும் வசதியை இயக்கி மூலையைப் பிடித்தேன். வட்டங்களைத் தனி அடுக்கில் வைத்திருந்ததால் பிறகு மறைப்பது எளிதாக இருந்தது. ஆகவே இந்த முறைக்கு ஆட்டோகேட்தான் வேண்டும் என்பதில்லை என்று பணிவுடன் பதிவு செய்கிறேன்.

டிஎக்ஸ்எஃப் கோப்பை ஃபிளாப்பியில் எழுதி, யுஎஸ்பி ஃபிளாப்பி இயக்கி வழியாக மடிக்கணினிக்குக் கொண்டுவந்து லிப்ரேகேட் என்ற வரைமென்பொருளில் திறந்தேன். கோடுகள் எல்லாம் சரியாக இருந்தன. வீடு மட்டும் 480 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுருங்கி நின்றது. இது எதனால்? இதை ஏ4 தாளில் எந்த அளவுகோலில் அச்சிடுவது?

வரைபலகை எழுதியது:

வட்டங்களைப் பற்றிய உங்கள் பதிவை எண்பத்தேழு பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். நான் பரிந்துரைத்தது வென்றதில் எனக்கு மகிழ்ச்சிதான், மறைப்பானேன்?

கோப்பில் பிழை ஏதுமில்லை. அந்தக் காலத்து டிஎக்ஸ்எஃப் எண்களை மட்டும்தான் சுமந்து வரும். அவை அங்குலமா மில்லிமீட்டரா என்ற குறிப்பு அதில் இராது. லிப்ரேகேடின் வரைபட அமைப்பில் அலகை அங்குலம் என்று மாற்றுங்கள். மில்லிமீட்டரிலேயே இருக்க வேண்டுமென்றால் முழுப் படத்தையும் 25.4 மடங்கு பெரிதாக்குங்கள்.

அளவுகோலைப் பொறுத்தவரை, 48இல் ஒரு பங்கு என்றால் வீடு மட்டுமே ஏழரைக்குப் பத்து அங்குலம் பிடிக்கும். அளவுக்கோடுகளைப் போட ஏ4 தாளில் இடம் இராது. 60இல் ஒரு பங்கு, அதாவது ஓர் அங்குலத்துக்கு ஐந்தடி என்று வைத்தால் ஆறுக்கு எட்டு அங்குலத்தில் அடங்கி, சுற்றிலும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் மிஞ்சும். அச்சு முன்னோட்டத்தில் 1:60 என்று கொடுத்து, தாளுக்கேற்பச் சுருக்கும் தெரிவு இயங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துகளின் உயரத்தையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்: தாளில் அரைக்கால் அங்குல எழுத்து வர வேண்டுமென்றால், படத்தில் அது ஏழரை அங்குலம் உயரமாக இருக்க வேண்டும்.