ஆடிஸ் அபாபாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: திம்கத் அழைப்பு வந்தால்

கேள்வி: அலுவலக நண்பர் திம்கத் (இயேசு ஞானஸ்நானம் பெற்றதைக் கொண்டாடும் எத்தியோப்பியப் பண்டிகை) அன்று குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். நாங்கள் சைவம். என்ன செய்ய வேண்டும்?

பதில் 1:
முதலில் நாளையும் மணியையும் உறுதி செய்துகொள்ளுங்கள். திம்கத் ஜனவரி 19. லீப் வருடத்தில் ஜனவரி 20, அதாவது 2028-இல் 20-ஆம் தேதி. இங்கே மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது, நம் பஞ்சாங்க நாழிகை மாதிரி. "ஏழு மணிக்குச் சாப்பாடு" என்றால் நம் கடிகாரத்தில் பகல் ஒரு மணியாக இருக்கலாம். ஹபெஷா (எத்தியோப்பிய) மணியா, ஃபெரஞ்சி (வெளிநாட்டு) மணியா என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சைவர்களுக்கு இங்கே விரத நாள்தான் சுலபம், பண்டிகை நாள்தான் கஷ்டம். புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய 55 நாட்கள் எல்லாம் இறைச்சி, முட்டை, பால் கிடையாது. எந்தக் கடையிலும் பருப்பு, கீரை, கோஸ் வைத்து இஞ்செராவோடு (புளித்த மாவில் சுடும் தோசை மாதிரி) பெயாயினெட்டு என்ற கலவைத் தட்டு கிடைக்கும். திம்கத் அப்படியில்லை, புதன், வெள்ளியில் வந்தாலும் அன்று விரதம் கிடையாது. கோழிக் குழம்பு டோரோ வத் தான் பிரதானம். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் கோழியை ஒதுக்கிவிட்டுக் குழம்பை ஊற்றுவார்கள். "யெ சோம் மிகிப்", அதாவது விரதச் சாப்பாடு, என்று இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். ஷிரோவும் (கடலை மாவுக் குழம்பு) மிசிர் வத்தும் (பருப்புக் குழம்பு) தனியாகச் செய்துவிடுவார்கள். 'போசெனா ஷிரோ' என்றால் அதில் இறைச்சி உண்டு, கவனம்.

கையால் ஊட்டிவிடுவது குர்ஷா. மறுக்காதீர்கள்; அது அன்பு. வலது கையால்தான் சாப்பிட வேண்டும், அது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பதில் 2:
ஊர்வலம் பார்க்க ஆசையிருந்தால் முதல் நாள் மதியமே, கெதெரா என்ற அந்த முந்தின நாள் நிகழ்ச்சிக்கு, ஜான் மேடா மைதானத்துக்குப் போங்கள். தேவாலயங்களிலிருந்து தாபோத்தை (உடன்படிக்கைப் பெட்டியின் அடையாளமான புனிதப் பலகை) பட்டுத் துணி சுற்றித் தலையில் சுமந்து வருவார்கள். அது இரவு கூடாரத்தில் தங்கும். மறுநாள் காலை தண்ணீரை மந்திரித்துக் கூட்டத்தின் மேல் தெளிப்பார்கள். வெள்ளை உடுத்துங்கள். தாபோத்துக்கு முன்னால் இளைஞர்கள் விரித்துக்கொண்டே போகும் சிவப்புக் கம்பளத்தை மிதிக்கக் கூடாது. சாலைகளை மூடிவிடுவதால் காரை வெகு தூரத்திலேயே விட்டுவிட்டு நடங்கள். செல்போனை உள்பையில் வையுங்கள்.

பதில் 3:
சாப்பிட்டவுடன் கிளம்பும் எண்ணம் வேண்டாம். காபி இருக்கிறது, சுலபமாக ஒன்றரை மணி நேரம் ஆகும். பச்சைக் கொட்டையைக் கழுவிக் கரியடுப்பில் வறுத்து, புகையோடு சட்டியை உங்கள் முன் கொண்டுவருவார்கள். கையால் புகையை இழுத்து முகர்ந்து பாராட்டுங்கள். பிறகு இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் கொதிக்கவைப்பார்கள். அபோல், தோனா, பரக்கா என மூன்று சுற்று. அதே தூளில் தண்ணீர் மட்டும் சேர்ப்பதால் ஒவ்வொரு சுற்றும் நீர்த்துக்கொண்டே போகும். மூன்றாவது ஆசீர்வாதச் சுற்று. அதற்கு முன் எழுந்தால் வீட்டுக்காரர் மனம் நோகும். காபி ஒத்துக்கொள்ளாதவர்கள் அரைக் கோப்பை கேட்கலாம்.

நீங்களே வீட்டில் செய்ய ஜெபெனா வாங்கினால், கொதி கழுத்துக்கு ஏறியதும் இறக்கி, சாய்த்து வைத்துச் சில நிமிடம் மண்டி அடங்க விடுங்கள். உடனே ஊற்றினால் கோப்பை முழுக்கத் தூள்தான். கரியடுப்பை மூடிய அறையில் பற்றவைக்கவே வைக்காதீர்கள், நச்சுப் புகை உயிரை எடுக்கும். பால்கனியில் வையுங்கள்.

கையில் கொண்டுபோக: திம்கத்துக்கு நெய் இனிப்பு எதுவும் சரி. விரத நாளில் என்றால் பால்கோவா, மைசூர்பாகு வேண்டாம். கடலை மிட்டாய் கொடுங்கள்.