பழைய ஃபெடோராவின் அளவு: சீட்டிலுள்ள எண்ணா, டேப் காட்டுவதா?

நாடாக்காரன்:
பழைய ஃபெடோராக்களை, அதாவது சுற்றிலும் விளிம்புள்ள ஃபெல்ட் (அழுத்திய கம்பளி அல்லது உரோமம்) தொப்பிகளை, விற்பவர்கள் உள்ளே ஒட்டிய அளவுச் சீட்டைப் பார்த்து “7¼, அதாவது 58 செ.மீ.” என்று எழுதிவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் நிற்க வேண்டும். டேப்பில் அளந்த சென்டிமீட்டரைத்தான் போட வேண்டும். ஃபெல்ட் நனைந்து சூட்டில் காய்ந்தால் சுருங்கும். நெற்றியில் படும் வியர்வைப் பட்டை தோல், அதுவும் சுருங்கும். போதாததற்கு, 7¼ எந்த நாட்டு எண்? அமெரிக்கத் தொப்பியில் அது 58, பிரிட்டிஷ் தொப்பியில் 59. அங்கே 58-க்கு 7⅛ என்று போடுவார்கள்.

சீட்டுப்பிரியன்:
எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க எண் கணக்கு பார்த்துப் போட்டது. சுற்றளவை அங்குலத்தில் எடுத்து 3.14-ஆல் வகுத்தால் அது வரும். ஒவ்வொரு ⅛-க்கும் ஏறக்குறைய 1 செ.மீ. சீட்டு 7¼ என்று சொல்லி டேப் 57 காட்டினால், தொப்பி ஒரு அளவு சுருங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். டேப் எண்ணை மட்டும் போட்டால் இந்தத் தகவலே போய்விடும். காலத்தைக் கணிக்கவும் உள்சீட்டுகள்தான் உதவும். அமெரிக்காவில் ஃபெல்ட் தொப்பித் தொழிலாளர் சங்கமும் துணித்தொப்பி, மில்லினரி (பெண்கள் தொப்பி) தொழிலாளர் சங்கமும் 1934-ல் இணைந்தன. இணைந்த பெயருள்ள சங்கச் சீட்டு தைத்திருந்தால் அந்தத் தொப்பி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

நாடாக்காரன்:
காலம் தெரிவதால் தொப்பி தலையில் உட்கார்ந்துவிடாது. அளவுச் சீட்டு பெரும்பாலும் பட்டையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும். வேறு தொப்பியின் பட்டையை எடுத்துத் தைத்திருந்தால் சீட்டு சொல்வது அந்த வேறு தொப்பியின் அளவு.

சீட்டுப்பிரியன்:
அதைக் கண்டுபிடிக்கலாம். பட்டை ஃபெல்ட்டோடு சேரும் இடத்தில், இப்போதைய தையலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை ஊசித் துளைகள் தெரிந்தால் பட்டை மாற்றப்பட்டிருக்கிறது. டேப்பிலும் தவறு வரும். பலர் பட்டையின் நடுவில் அளக்கிறார்கள். தோல் உள்ளே வளைந்து நிற்பதால் அளவு குறைவாகவே காட்டும். விளிம்பை ஒட்டிய அடிப்பாகத்தில், டேப்பை நிமிர்த்தி, தோலோடு ஒட்டவைத்து அளக்க வேண்டும்.

கரைமடிப்பு:
இருவரும் சீட்டைப் பார்க்கச் சொல்கிறீர்கள். பார்க்கப் போய்த்தான் பாதிப் பட்டைகள் கிழிகின்றன! காய்ந்த தோலை ஒரேயடியாக வெளியே மடக்காதீர்கள். தோலுக்கான கண்டிஷனரைத் துணியில் கொஞ்சமாகத் தொட்டு உட்பக்கம் தடவி, ஒரு நாள் விடுங்கள். எண்ணெய் ஃபெல்ட்டில் இறங்கினால் வெளியே கறை தெரியும், அதனால் தையல் ஓரத்துக்குப் போக வேண்டாம். பிறகு பின்புறத் தையலிலிருந்து ஒரு விரல் அகலம் மட்டும் தூக்கிப் பாருங்கள். நெற்றிப் பக்கம்தான் வியர்வை குடித்து நைந்திருக்கும். அங்கே கை வைக்காதீர்கள்.

சுருங்கியதை விரிக்க நினைத்தால் ஒரு அளவு, அதாவது 1 செ.மீ., அதுதான் எல்லை. மேலே போனால் தையல் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தபால்தலைத் தாள் மாதிரி தோல் வரிசையாகப் பிரியும். இன்னொரு முக்கியமான விஷயம்: அமெரிக்காவில் ஃபெல்ட் தயாரிப்பில் பாதரசத்தைத் தடை செய்தது 1941 டிசம்பரில்தான். அதற்கு முந்திய தொப்பியில் பாதரசம் தங்கியிருக்கலாம், சூடு பட்டால் வெளியே வரும். அதனால் விரிக்க நீராவி காட்டுவதானால் பூட்டிய அறையில் செய்யவே கூடாது.

நாடாக்காரன்:
விரிப்பதைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. சரி, இரண்டு எண்ணும் போடலாம். ஆனால் ‘அளவு’ என்ற இடத்தில் டேப் எண்தான் வர வேண்டும், சீட்டுக்கு ஒரு படம் போதும். பட்டை மாற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். புதுத் தோல் அரை மில்லிமீட்டர் தடித்திருந்தாலே உட்சுற்றளவில் 3 மி.மீ. போய்விடும்.

சீட்டுப்பிரியன்:
படம் போதாது. எண்ணை எழுத்தில் போட்டால்தான் தேடுபவர் கண்ணில் படும். பட்டை மாற்றுபவர்களும் பழைய சீட்டைத் தூக்கி எறியாமல் புதுப் பட்டைக்குப் பின்னால் செருகி வைக்க வேண்டும்.